ஊவாத் தோட்டங்களின் பழைய கோயில்கள்

பதுளை நகருக்குப் புதிதாக வருபவர்களை அவ்வூரார் முதலில் அழைத்துச் சென்று காட்டுவது, இங்கிலாந்துத் திருச்சபையாருக்கு உரிய அர்ச். மாற்கு ஆலயத்தையே. அதற்கு ஒரு கதை உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்ற மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி, 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் நினைவாக நண்பர்கள் எழுப்பிய ஆலயம் அது. கல்லில் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, காரணமும் உண்டு. வரலாறு எழுதுபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கத்தோலிக்கக் கோயில்களைத் தேடிப் போகிறவனுக்கு இந்த வசதி கிட்டுவதில்லை. பதுளையில், பண்டாரவளையில், அப்புத்தளையில், பசறை லுணுகலைப் பாதையோரத்தில் கோயில்கள் நிற்கின்றன. தேயிலை மலைகளுக்கு உள்ளே, லயங்களின் கோடியில், தகரக் கூரை வேய்ந்த சிறு கோயில்களும் நிற்கின்றன. ஆனால், இவற்றுட் பலவற்றை யார் கட்டினார் என்று கேட்டால், "எங்கள் பாட்டனார் காலத்தவர்கள்" என்பதே விடை. அந்தப் பாட்டனார் யார், எந்தச் சீமையிலிருந்து வந்தார், ஏன் இந்த மலைச்சரிவிலே அந்தோனியார் சுரூபம் ஒன்றை வைத்தார் என்பதைக் கேட்டறிவதே ஊவாக் கத்தோலிக்கரின் வரலாற்றை அறிவதாகும்.

ஊவாவிற் கத்தோலிக்கர் என்ற பேச்சை எடுத்தால், பறங்கியரிடமிருந்து தொடங்குவது வழக்கம். நானும் அதைக் கூறி விடுகிறேன்; ஆனால் அது நீண்ட நேரம் நிற்கவேண்டிய இடமன்று. 1630ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா ஊவாவின்மேற் படையெடுத்து வந்தான். பதுளையைத் தீக்கிரையாக்கினான். திரும்பும் வழியிலே, தன்னுடன் வந்த சுதேசப் படைவீரர் கைவிட்டுவிட, வெல்லவாயவுக்கு அண்மையில் ரந்தெனிவெல என்னும் இடத்திற் கண்டியரசனின் சேனையாற் சூழப்பட்டு மடிந்தான். ஆக, கத்தோலிக்க அரசொன்றின் கொடி பதுளைக்கு வந்த காலத்தில் அது கோயில் கட்ட வரவில்லை. ஊரை எரிக்க வந்தது. எரித்தவனும் மீளவில்லை. இப்படையெடுப்பிலிருந்து இன்றுள்ள கோயில்களுக்கு வேர் ஓடுகிறது என்று சொல்ல எவ்வித ஆதாரமும் இல்லை.

கோவையிலிருந்து, அதாவது கோவாப் பட்டினத்திலிருந்து, 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய யோசேவ் வாஸ் முனிவர் 1692இற் கண்டியை அடைந்து, முதலிற் சிறைப்பட்டு, பின்னர் அரசனின் ஆதரவைப் பெற்றுத் தொண்டாற்றியதை நேயர்கள் அறிவார்கள். 1711இற் கண்டியில் மறைந்த அவரை 2015ஆம் ஆண்டு ஜனவரியிற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு நகருக்கு வந்து புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவரும் அவரைத் தொடர்ந்த கோவைக் குருமாரும் கண்டி இராச்சியத்திற் கத்தோலிக்கரை மறைவாகவும் வெளிப்படையாகவும் பேணினர். எனினும் 1740களில் அரச ஆதரவு நீங்கி, குருமார் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஒல்லாந்தர் கத்தோலிக்கருக்கு எதிராக இயற்றிய சட்டங்களை ஆங்கிலேயர் 1806இல் நீக்கினர்; 1815இற் கண்டி ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. அடுத்து 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்கும்போது ஆங்கிலேயர் வயல்களையும் குளங்களையும் வீடுகளையும் அழித்த கதை மிகக் கொடியது. அந்த வெறுமையின் மேல்தான், ஒரு தலைமுறை கழித்து, கோப்பிச் செடி நடப்பட்டது. நமது வரலாறும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை எனக் கால்நடையாக ஏறினர். வழியில் மாண்டவர் தொகை பெரிது. பெரும்பான்மையோர் சைவர், அவர்களது மாரியம்மனும் முருகனும் அவர்களோடே வந்தனர். சிறுபான்மையாகக் கத்தோலிக்கரும் வந்தனர். இவர்கள் புதிதாக மதம் மாறியவர்களல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் காலந்தொட்டு வளர்ந்த மதுரை மிசியோனின் பிள்ளைகள் அவர்கள். மறவர் சீமையில் ஓரியூரிலே 1693இற் சிரச்சேதம் செய்யப்பட்ட அருளானந்தரின் செம்மண் நினைவைச் சுமந்தவர்கள். தமிழிலே செபமாலை சொல்லவும், தமிழிலே பிரார்த்தனை பாடவும், தவக்காலத்திற் பாடுகளை நினைந்து ஒப்பாரி வைக்கவும் தெரிந்தவர்கள். அந்த நெடும்பாதை மன்னார்ச் சீமையைக் கடந்தே வந்தது. அச்சீமையிலுள்ள மருதமடு மாதாவின் பெயர் மலைநாட்டிற் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால், வந்தவர் கத்தோலிக்கராயிருந்தால் உடனே பங்கு ஒன்று உருவாகிவிடும் என்று கருதலாகாது. கோப்பிக் காலத்திற் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவர். பருவம் முடிந்ததும் கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்புவர். அவர்களது கலியாணமும் பிள்ளைப்பேறும் ஊரிலே; கல்லறையும் கூடுமானால் ஊரிலே. இங்கே ஞானஸ்நானம் பெறக் குழந்தையில்லை. மெய்விவாகம் செய்யப் பெண்ணில்லை. குடும்பம் இல்லாத இடத்திற் பங்கு எப்படி நிலைக்கும்?

இதை மாற்றியது ஒரு நோய். 1869ஆம் ஆண்டு, ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமையிலே ஒரு கோப்பித் தோட்டத்தில் இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. இலங்கையிற் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலிற் கண்டறியப்பட்டது அங்கேதான். பதினைந்து இருபது ஆண்டுகளிற் கோப்பிப் பயிர் நாசமாயிற்று. துரைமார் பலர் நொடித்துப் போயினர். கூலி பெறாமலே ஊர் திரும்பிய தொழிலாளரும் பலர். அதன் இடத்திலே தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமில்லை; வருடம் முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். எடுப்பதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பங் குடும்பமாக ஆள் கட்டும் முறை வலுத்தது. லயக் காம்பராவில் அடுப்பு மூட்டப்பட்டது, தொட்டில் கட்டப்பட்டது. அத்தொட்டிற் பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் வார்க்க ஒரு குருவானவர் வேண்டியிருந்தது. ஊவாவின் பங்குகளைத் தோற்றுவித்தது தேயிலையே என்று நான் சொல்வது இதனாலேதான்.

குருமாரைப் பற்றிச் சில வார்த்தைகள். ரொஜர்ஸ் இடி விழுந்து மாண்ட அதே 1845ஆம் ஆண்டிலே, யோசேப்பு பிராவி என்னும் இத்தாலியக் குரு இலங்கைக்கு வந்தார். அவர் அர்ச். ஆசீர்வாதப்பர் சபையின் ஒரு கிளையான சில்வெஸ்திரியன் சபையைச் சேர்ந்தவர். 1231இல் இத்தாலிய மலையொன்றில் தனிமையை நாடித் தொடங்கப்பட்ட சிறு சபை அது. அவரைப் பின்பற்றி அச்சபையார் பலர் வந்தனர். 1883இற் கண்டி தனி மேற்றிராணிப் பிரிவாக வகுக்கப்பட்டு அச்சபையார் பொறுப்பில் விடப்பட்டது. கொழும்பிலிருந்த கிளெமெந்து பஞ்ஞானி ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியாரானார். 1886 செப்டெம்பரில் அது முறைப்படி மேற்றாசனமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் அரசாங்கமும் பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா மாகாணத்தை அமைத்தது. ஆயினும் திருச்சபையைப் பொறுத்தவரை ஊவா இன்னும் எண்பத்தாறு ஆண்டுகளுக்குக் கண்டியின் தொலைக்கோடியாகவே இருக்கவேண்டியதாயிற்று.

அத்தொலைவை இன்றையவர் உணர்வது கடினம். புகையிரதம் 1893இல் அப்புத்தளைக்கும் அடுத்த ஆண்டிற் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளைக்குச் செல்ல மேலும் முப்பது ஆண்டு பிடித்தது. தெமோதரையில் மலையைச் சுற்றித் தன் வாலைத் தானே கடக்கும் அந்தப் பாதை முடிந்து, 1924இலேதான் பதுளைக்கு வண்டி ஓடிற்று. அதுவரை குருவானவர் குதிரையிலும், மாட்டு வண்டியிலும், பல வேளைகளிற் கால்நடையாகவுமே சென்றார். பசறை, மடுல்சீமை, நமுனுகலை, கொஸ்லாந்தை என்று ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் முதலிற் பார்த்த தோட்டத்திற் பிறந்த பிள்ளை தவழத் தொடங்கியிருக்கும்.

ஆகையால் அன்றாட வழிபாட்டை நடத்தியவர் குருவானவரல்லர், உபதேசியாரே. அவர் பெரும்பாலும் தோட்டத்தொழிலாளி. பகலில் முள்ளுக் குத்துவார், மலையிற் கவ்வாத்து வெட்டுவார். மாலையிலே காம்பராவின் வாசலிற் சிறு விளக்கேற்றிச் செபமாலையைத் தொடங்குவார். பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்பிப்பதும், சாகக் கிடப்பவருக்கு நன்மரணச் செபம் வாசிப்பதும், குருவானவர் வராத வேளையில் ஆபத்து ஞானஸ்நானம் கொடுப்பதும், பிரேதத்தை அடக்கஞ் செய்வதும் அவரே. பூசை இலத்தீனில் நடந்த காலம் அது. ஆண்டிற் சில நாளே கிட்டிய பூசையின் பொருளை ஜனங்களுக்கு எடுத்துரைத்ததும் அவரே. எழுத்தறிவு குறைந்த லயங்களில் ஒரு நூலைக் கையில் வைத்திருந்த மனிதன் என்ற முறையில் அவருக்கு மதிப்பு மிகுதி. அவர்களுள் எவருடைய பெயரும் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை என்பதை ரொஜர்ஸ் மேஜரின் கல்லுக்கு முன்னால் நின்றபோது நான் நினைத்துக்கொண்டதுண்டு.

குருவானவர் வரும் செய்தி கிடைத்தால் பிரட்டுக்களத்திலோ கங்காணி வீட்டு முற்றத்திலோ பந்தல் எழும்பும். பாவசங்கீர்த்தனம் இரவிலேயே தொடங்கிவிடும், ஏனெனில் காலையிற் பேர் போடும் தப்பு ஒலிக்குமுன் பூசை முடியவேண்டும். ஒரே நாளில் ஞானஸ்நானம், புதுநன்மை, மெய்விவாகம் எல்லாம் நிறைவேறும். பெரிய கங்காணி கத்தோலிக்கராயிருந்த தோட்டங்களிற் கோயில் விரைவாக எழுந்தது. துரையிடம் நிலமும் பழைய தகரமும் கேட்டு வாங்க அவரால் முடிந்தது. தொழிலாளரிடம் சம்பள நாளிற் காசு பிடிக்கவும் அவராலேயே முடிந்தது. ஆட்களைக் கடனாற் கட்டிவைத்த அதே கை கோயிலுக்குக் கல்லும் எடுத்துக் கொடுத்தது என்பதை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. சாதியும் கப்பலேறி வந்திருந்தது. கோயிலில் யார் முன்னால் முழங்காலிடுவது, திருநாளில் யார் கொடி பிடிப்பது என்பதில் அது தலைகாட்டாமலில்லை.

இங்கே இடையில் ஒன்று சொல்லவேண்டும். புரட்டஸ்தாந்து சபையாருக்கு 1854இலேயே 'தமிழ்க் கூலி மிசன்' என்ற அமைப்பு ஏற்பட்டுவிட்டது. துரைமார் பலர் பணம் கொடுத்தனர், திருநெல்வேலியிலிருந்து உபதேசியார் வரவழைக்கப்பட்டனர். கத்தோலிக்கருக்கு அத்தகைய செல்வாக்கு இருக்கவில்லை. துரைமாருட் பெரும்பாலோர் வேறு சபையார். கத்தோலிக்கக் குருமாரோ இத்தாலியர். நன்மையா தீமையா என்று கேட்டால், இரண்டுந்தான் என்பேன். பணம் குறைந்தது. ஆனால், கோயில் துரையின் கோயிலாக அன்றித் தொழிலாளியின் கோயிலாக இருந்தது.

நகரக் கோயில்களின் நிலை வேறு. பதுளையிலும் பண்டாரவளையிலும் நீர்கொழும்பு முதலிய கரையோரங்களிலிருந்து வணிகத்துக்கு வந்த சிங்களக் கத்தோலிக்கர், அரசாங்க உத்தியோகத்திலிருந்த பறங்கியர், தூத்துக்குடிக் கரையிலிருந்து கடை வைக்க வந்த பரதவர், அவர்களோடு சுற்றுத் தோட்டங்களிலிருந்து மலையிறங்கி வரும் தமிழ்த் தொழிலாளர் எனப் பலரும் ஒரே கூரையின்கீழ்க் கூடினர். குருவானவர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் பிரசங்கிக்க வேண்டியிருந்தது. பூசையில் ஒன்றாயிருந்தவர்கள் வாசலைக் கடந்ததும் மூன்று வழியாகப் பிரிந்தனர். கொன்வென்றுகளும் கல்லூரிகளும் நகரத்தில் எழுந்தன. ஆங்கிலக் கல்வி அங்கே கிடைத்தது. அதை நகரத்தார் பெற்றனர். மலையிலிருந்த கொழுந்துக்காரியின் மகனுக்கு அக்கதவு எளிதிற் திறக்கவில்லை. திருச்சபையின் பள்ளிகளைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

இனி நான் வரவேண்டிய இடத்துக்கு வருகிறேன். பழைய கோயில்களின் மிகப் பெரிய செல்வம் எது? சுரூபமன்று, மணியுமன்று. அறைவீட்டு அலுமாரியில், செல்லரித்த தோல் அட்டையோடு கிடக்கும் ஞானஸ்நானப் புத்தகங்களே. அவற்றிற் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தையர், ஞானத்தாய் தந்தையர், தோட்டம் ஆகியன குருவானவரின் கையெழுத்தில் உள்ளன. இத்தாலியக் காதிற் தமிழ்ப் பெயர் எவ்வாறு விழுந்ததோ அவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

1948ஆம் ஆண்டு, நாடு சுதந்திரமடைந்த அதே ஆண்டிலே, 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தானும் தன் தந்தையும், அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்ததைக் காட்டவேண்டும் என்றது அது. மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரிக்கு முன்னர் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிப்போர் மனுச் செய்யலாம் என்றது. விவாகமானோருக்கு ஏழாண்டு, மற்றையோருக்குப் பத்தாண்டு. 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக மனுக்கள் குவிந்தன. பதினைந்து ஆண்டுகளில் உரிமை பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேரே.

லயத்திற் பிறந்தவனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே இருக்கும்? தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர் இருக்கும். அதுவும் கணக்கப்பிள்ளை வைத்த பெயர். கோயிற் புத்தகத்தில் 'அந்தோனி' என்றிருப்பவன் செக்ரோலில் வேறொருவனாக இருப்பான். இரண்டும் ஒருவனே என்று யார் சத்தியஞ் செய்வது? மோட்சத்துக்கு வழியாக எழுதப்பட்ட ஒரு வரி, ஒரு நாட்டில் வாழும் உரிமைக்குச் சாட்சியாக நிற்கவேண்டி வந்தது. குருவானவர் எழுத்தைத் தவறவிட்டது, ஆண்டைத் திருத்தி எழுதியது, மழையொழுக்கில் ஒரு பக்கம் கரைந்து போனது முதலிய சிறு சம்பவங்கள் ஒரு குடும்பத்தின் தலைவிதியாகின.

1964 அக்டோபரிற் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் செய்த உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னர்த் தீர்ப்பது என்றும் முடிவு கட்டிற்று. மக்களைக் கேட்டுச் செய்த கணக்கன்று அது. தொடர்ந்த இருபது ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெட்டி கட்டினர். தலைமன்னார்த் துறையிலிருந்து கப்பலேறியவர்களுள் ஊவாத் தோட்டத்துக் கத்தோலிக்கரும் இருந்தனர். பாட்டனார் கட்டிய கோயிலைப் பூட்டித் திறவுகோலைப் பக்கத்து லயத்தாரிடம் கொடுத்துச் செல்வதற்கு எந்த உடன்படிக்கையிலும் ஒரு வாசகம் எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்தப் புலம்பெயர்வின் நடுவிலேதான், 1972 டிசெம்பர் 18ஆம் நாள், கண்டி மேற்றாசனத்திலிருந்து பதுளை, மொனராகலை மாவட்டங்கள் பிரிக்கப்பட்டுப் பதுளை மேற்றாசனம் உண்டாயிற்று. கண்டியில் 1959 முதல் மேற்றிராணியாராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, புகழும் வசதியும் மிக்க அப்பழைய ஆசனத்தை விட்டு, புதிய வறிய ஆசனத்தைத் தாமே விரும்பி ஏற்றார். பதுளை மரியன்னை ஆலயம் பேராலயமாயிற்று. பண்டாரவளையில் அவர் தொடங்கிய 'சேவக செவன' என்ற பயிற்சி நிலையத்திற் குருத்துவ மாணவர் உயர்ந்த மதில்களுக்குள் அல்லாது ஜனங்களின் நடுவே பயில வேண்டும் என்றார். யேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இற் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கியபோது அவருக்குத் துணை நின்றவரும் இவரே. தோட்டத் தொழிலாளரின் குறைகளைத் திருச்சபையின் குறையாகப் பேசிய சிங்கள மேற்றிராணியார் என்ற வகையில் அவருக்குத் தனியிடம் உண்டு. 1982இல் அவர் காலமானார்.

அவர் ஆதரவிலேயே அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கேல் ரொட்ரிகோ, 1980இல் மொனராகலை மாவட்டத்துப் புத்தளைக்கு அண்மையில் அலுகலவிட்ட என்னும் பௌத்த கிராமத்திற் குடியேறினார். மதமாற்றத்துக்காக அல்ல; அக்குடியானவர்களோடு வாழ்வதற்காக. 'சுப செத் கெதர' என்பது அவர் இல்லத்தின் பெயர். 1987 நவம்பர் 10ஆம் நாள் மாலை, அவ்வில்லத்திற் பூசை நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். டி சாவின் படை அழிந்த வெல்லவாயவிலிருந்து அவ்விடம் அதிக தூரமன்று.

அப்புத்தளைக்கு மேலே உள்ள அடிசம் மாளிகையையும் சொல்லாமல் விடக்கூடாது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலத் தோட்டப் பிரபு 1931இல் இங்கிலாந்துக் கிராம மாளிகையின் பாணியிற் கட்டியது அது. 1960களின் தொடக்கத்தில் அது சில்வெஸ்திரியன் சபையாரின் மடமாயிற்று. உல்லாசப் பிரயாணிகள் அங்கே வந்து பழப்பாகு வாங்கிச் செல்கின்றனர். தோட்ட முதலாளியின் மாளிகைக்குக் கிடைத்த உறுதிப்பத்திரம், அதே மலையிலுள்ள தோட்டக் கோயில்களுட் பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்கவில்லை. அவை கம்பனியின் நிலத்தில் துரையின் வாய்ச்சொல்லால் எழுந்தவை. 1970களில் நிலம் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோதும், அவை கைமாறும் நிலத்தோடு கைமாறும் கட்டடங்களாகவே நின்றன. லயத்திலிருப்பவனுக்குக் காம்பரா எவ்வாறோ, அவ்வாறே அவனது அந்தோனியாருக்கும் கோயில்.

நாடு திரும்பியவர்கள் எனப்பட்டோரிற் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிற் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கே தேயிலை பயிரிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி, ஒருவர் விவாகஞ் செய்யும்போது ஞானஸ்நானம் பெற்ற பங்கிலிருந்து சாட்சிப் பத்திரம் பெறவேண்டும். விவாகம் முடிந்தபின் அச்செய்தியை அதே பங்குக்கு அறிவித்து, ஞானஸ்நானப் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே ஓரத்திற் குறிக்கவும் வேண்டும். ஆகவே பசறையிலோ நமுனுகலையிலோ பிறந்து, பத்து வயதிற் கப்பலேறிப் போன ஒரு பெண்ணுக்கு நீலகிரியிற் கலியாணம் நடந்தால், அச்செய்தி கடல் கடந்து திரும்பி வந்து ஊவாவின் பழைய புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரியாக அமரவேண்டும்.